கூசுவது யார்?

"கிரிஞ்ச் என்றால் என்ன தம்பி?"

சென்ற மாதம் ஒரு கல்யாண வரவேற்பில் என் பெரியப்பா இப்படிக் கேட்டார். மணமக்களை வாழ்த்தி, ஒரு பழைய நாடகப் பாட்டை மைக் முன்னால் நின்று தொண்டை கிழியப் பாடிவிட்டு அப்போதுதான் இறங்கி வந்திருந்தார். வயது எழுபத்தைந்து. சுருதி கொஞ்சம் விலகித்தான் போயிற்று. முன் வரிசையில் இருந்த கல்லூரிப் பிள்ளைகள் அதைக் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டே இந்த வார்த்தையைச் சொல்லிச் சிரித்தார்கள். அது அவர் காதிலும் விழுந்திருக்கிறது.

"பிரமாதம் என்று அர்த்தம் பெரியப்பா" என்றேன். பச்சைப் பொய்!

உண்மையான அர்த்தம் என்ன? பிரம்பைக் கண்ட நாய் வாலைச் சுருட்டிக்கொண்டு ஒடுங்கிப் பின்வாங்குகிறதல்லவா? அதுதான் கிரிஞ்ச். மேலதிகாரியின் முன்னால் முதுகை வளைத்துக் குழைகிறவன் செய்வதும் அதுவே.

ஆனால் இந்தச் சொல்லின் பூர்வீகம் வேறு. பழைய ஆங்கிலத்தில் இதன் மூதாதைக்குப் போர்க்களத்தில் வீழ்வது, மடிவது என்று பொருள்! கி.பி. 991-ல் இங்கிலாந்தில் மால்டன் என்ற இடத்தில் வைக்கிங்குகளோடு ஒரு போர் நடந்தது. அதைப் பற்றிய பழைய கவிதை ஒன்றில் ஆஃபா என்ற வீரன் வருகிறான். 'இருவரும் உயிரோடு வீடு திரும்புவோம். இல்லையேல் களத்திலே விழுவோம்' என்று தன் தலைவனுக்கு வாக்குக் கொடுத்தவன் அவன். அந்த 'விழுவோம்' என்ற இடத்தில் நிற்கும் சொல் இதுதான். ஆஃபா சொன்னபடியே தலைவனுக்குப் பக்கத்தில் விழுந்து கிடந்தான். வீரனுடைய சொல் கோழையினுடைய சொல்லாக மாறிவிட்டது. சொற்களுக்கும் தலையெழுத்து உண்டு போலும்!

1950-ல் ஏ.ஏ. ஃபிலிப்ஸ் என்ற ஆஸ்திரேலிய விமர்சகர் இதே சொல்லை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். நம் ஊர் எழுத்தைப் படிக்கும்போதெல்லாம், படித்த ஆங்கிலேயன் ஒருவன் இதை என்ன நினைப்பானோ என்று ஆஸ்திரேலியர்கள் கூசுகிறார்களே என்பது அவர் வருத்தம். கலாசாரக் கிரிஞ்ச் என்று அதற்குப் பெயர் வைத்தார். அங்கேயும் பாருங்கள், கூசுகிறவனுக்குத்தான் நோய். கூச வைத்த புத்தகத்துக்கு அல்ல.

இன்று அது தலைகீழாகிவிட்டது. 'எனக்குக் கூசுகிறது' என்று சொல்வதற்குப் பதிலாக, 'நீ கிரிஞ்ச்' என்கிறார்கள். வினைச்சொல் பட்டப்பெயராகி, அடுத்தவன் முதுகில் ஒட்டப்படுகிறது.

தமிழில் இந்தத் தந்திரம் அவ்வளவு சுலபமாக நடக்காது. வெயிலில் கண் கூசுகிறது. புளியங்காயைக் கடித்தால் பல் கூசுகிறது. பொய் சொல்ல நாக் கூசுகிறது. (என் நாக்கு அன்று ஏனோ கூசவில்லை.) எப்போதும் கூசுவது நம்முடையதுதான். வெயிலைப் பார்த்து யாரும் 'நீ கூச்சம்' என்பதில்லை.

எல்லாக் கேலியும் தப்பு என்று நான் சொல்லவில்லை. தனக்குத் தானே பட்டம் சூட்டி, ஆளுயரத்துக்குப் பேனர் வைத்துக்கொள்கிறவரைப் பார்த்து நெளியாமல் இருக்க முடியுமா? ஆனால் இந்தச் சொல் அவர் மீது அதிகம் பாய்வதில்லை. 2020 ஜூனில் இந்தியாவில் தடை செய்யப்பட்ட டிக்டாக்கில் யார் யார் இந்தப் பெயர் வாங்கினார்கள் என்று நினைத்துப் பாருங்கள். வயல் வரப்பில் ஆடிய பெண், அடுப்படியில் வசனம் பேசிய அம்மாள், சித்தாள் வேலைக்கு நடுவே பாடிய பையன்! அவர்கள் யாரையும் ஏமாற்றவில்லை. சந்தோஷமாக இருந்தார்கள், அதை மறைக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். பார்த்துச் சிரித்தவர்களுக்கோ, தாமும் அப்படி ஆடி யார் கண்ணிலாவது பட்டுவிடுவோமோ என்ற பயம்.

ஆவணியில் எங்கள் குடும்பத்தில் இன்னொரு கல்யாணம் வருகிறது. பெரியப்பா தினமும் மாலையில் மொட்டை மாடியில் சாதகம் செய்கிறார். "பிள்ளைகளுக்குப் பிடித்திருக்கிறதே, இந்தத் தடவை இரண்டு பாட்டாகப் பாடிவிடுகிறேன்" என்கிறார். அவரிடம் இன்னும் நான் உண்மையைச் சொல்லவில்லை.