வெயிலுக்குக் காற்றைக் குறைக்காதீர்கள்

ஏப்ரல் பிறந்துவிட்டால் பஞ்சர் கடைகளிலும் பெட்ரோல் பங்குகளிலும் ஒரே பேச்சுதான். "அண்ணே, வெயில் காலம். ரெண்டு மூணு பாயின்ட் கம்மியாவே வைக்கிறேன். இல்லாட்டி டயர் வெடிச்சிடும்." காரில் இருப்பவரும் தலையாட்டுகிறார். அவருக்கு இதை அவருடைய அப்பா சொல்லியிருப்பார், டிராவல்ஸ் டிரைவர் சொல்லியிருப்பார். அக்னி நட்சத்திரத்தில் குடும்பத்தோடு திருச்செந்தூருக்கோ ஊட்டிக்கோ கிளம்பும் கார்கள், வருடத்திலேயே அதிக எடையோடு, அதிக தூரம், அதிக வேகத்தில் போகும் அந்த நாட்களில், டயரில் போதிய காற்றில்லாமல் போகின்றன. வெடிக்காமல் இருக்க என்று செய்யும் இந்தக் காரியமே டயரை வெடிக்க வைக்கிறது.

இந்த நம்பிக்கைக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. சூட்டில் காற்றின் அழுத்தம் கூடும், கூடினால் டயர் தாங்காது, ஆகவே முன்கூட்டியே குறைத்துவிட வேண்டும். முதல் பகுதி உண்மை. ஆனால் எவ்வளவு கூடும் என்று யாரும் கேட்பதில்லை. விடிகாலை 30 டிகிரியில் 33 பாயின்ட் (பிஎஸ்ஐ) வைத்த டயர், நெடுஞ்சாலையில் ஓடி உள்ளே இருக்கும் காற்று 60 டிகிரியைத் தொட்டால், அழுத்தம் 38-க்குப் பக்கத்தில் வரும். அவ்வளவுதான். காரின் டயரைக் குனிந்து பார்த்தால் பக்கச்சுவரில் அதிகபட்ச அழுத்தம் 44 என்றோ 51 என்றோ பொறித்திருக்கும். அதுவும் டயர் குளிர்ந்திருக்கும்போது வைக்கக்கூடிய அளவு. ஓடும்போது ஏறுவதைத் தாங்கும்படிதான் டயரைச் செய்கிறார்கள். காரைச் செய்தவர்களும் இந்த ஏற்றத்தைக் கணக்கில் வைத்துத்தான் கதவோரத் தூணில் அந்த 33-ஐ ஒட்டியிருக்கிறார்கள். மே மாதத்துக்கென்று அங்கே தனி எண் கிடையாது.

டயரை உண்மையில் சூடாக்குவது வெயிலைவிட அதன் நெளிவுதான். தரையைத் தொடும் இடத்தில் பக்கச்சுவர் மடங்குகிறது, தரையை விட்டதும் நிமிர்கிறது. 100 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சாதாரண கார் டயர் நிமிடத்துக்கு 850 முறைக்கு மேல் சுற்றும். ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிரும் ரப்பர், வாங்கிய ஆற்றலில் ஒரு பங்கைச் சூடாக வைத்துக்கொள்கிறது. கம்பியை முன்னும் பின்னும் மடக்கிக்கொண்டே இருந்தால் சூடேறி ஒடிவதைப் போல. காற்று குறையக் குறைய மடிப்பு ஆழமாகிறது, சூடு ஏறுகிறது. ரப்பருக்கும் உள்ளே இருக்கும் நூல் அடுக்குக்கும் எஃகுக் கம்பி அடுக்குக்கும் இடையே உள்ள பிடிப்பு தளர்கிறது. கடைசியில் பக்கச்சுவர் கிழிகிறது, அல்லது மேல்பட்டை உரிந்துபோகிறது.

சந்தேகம் இருந்தால், குறைந்த காற்றோடு நெடுந்தூரம் ஓடிய டயரை ரிம்மிலிருந்து கழற்றும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். உள்ளேயிருந்து மிளகுத்தூள் நிறத்தில் ரப்பர் பொடி கொட்டும். உட்புறச் சுவரில் சுற்றிலும் ஒரு வளையம் தேய்ந்து சொரசொரப்பாக இருக்கும், சில இடங்களில் நூலே தெரியும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது, மேல்பட்டையின் பட்டன் புதிதுபோல இருக்கும். இதைத் தினமும் கண்ணால் பார்க்கும் பஞ்சர் கடைக்காரரே அடுத்த வண்டிக்குக் காற்றைக் குறைத்து வைப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

டயர் வெடித்து வண்டி கவிழ்ந்தால் "விதி" என்கிறோம். அப்படியொரு விபத்தில் இழப்பீடு தர மறுத்த காப்பீட்டு நிறுவனம், டயர் வெடித்தது கடவுளின் செயல் என்று வாதாடியது. 2023-இல் மும்பை உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. டயர் வெடிப்பது மனிதரின் கவனக்குறைவு, ஓட்டுகிறவர் பயணத்துக்கு முன் டயரின் நிலையைப் பார்த்திருக்க வேண்டும் என்றது. அந்தத் தீர்ப்பை ஒவ்வொரு பங்கிலும் எழுதி மாட்டலாம்.

குறைந்த காற்று என்ன செய்யும் என்பதற்கு மிகக் கொடிய சாட்சி அமெரிக்காவில் இருக்கிறது. ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிக்கு ஃபயர்ஸ்டோன் டயர்கள் பொருத்தப்பட்டு வந்தன. ஃபோர்டு பரிந்துரைத்த அழுத்தம் 26 பாயின்ட். வெயில் கொளுத்தும் தென் மாநிலங்களில், கோடையில், நெடுஞ்சாலை வேகத்தில் அந்த டயர்களின் மேல்பட்டை உரிந்தது, வண்டிகள் உருண்டன. 2000 ஆகஸ்டில் 65 லட்சம் டயர்கள் திரும்பப் பெறப்பட்டன. இந்த விபத்துகளில் இறந்தவர்கள் என்று அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பு கணக்கிட்டது 270-க்கும் மேல். டயர்களில் தயாரிப்புக் குறையும் இருந்தது, வண்டியின் உயரமும் சேர்ந்துகொண்டது, இரண்டு நிறுவனங்களும் ஒன்றையொன்று பழித்தன. ஆனால் குறைந்த காற்றும் கோடையும் வேகமும் சேர்ந்தால் டயருக்குள் சூடு எப்படி ஏறும் என்பது அந்தச் சண்டையின் நடுவே வெளிப்பட்டது. அதே ஆண்டு அமெரிக்கா இயற்றிய சட்டத்தின் விளைவாகத்தான், காற்று குறைந்தால் டாஷ்போர்டில் எரியும் எச்சரிக்கை விளக்கு அங்கே புதிய கார்களுக்குக் கட்டாயமானது.

வெடிப்பது ஒரு பக்கம். வெடிக்காத நாட்களிலும் குறைந்த காற்று வண்டியின் குணத்தையே மாற்றிவிடுகிறது. டயர் சாலையைத் தொடும் இடம் ஒவ்வொன்றும் ஒரு கையகலம்தான். திருப்புவதும் நிறுத்துவதும் அந்த நான்கு கையகலத்தில் நடக்கின்றன. சாலையின் மேற்பரப்பில் இருக்கும் ஜல்லியின் சின்னச் சின்ன முனைகளை ரப்பர் அழுத்திப் பிடிப்பதால்தான் வண்டி நாம் சொன்னபடி கேட்கிறது. காற்று குறைந்தால் பட்டையின் நடுப்பகுதி உள்வாங்கி, எடை முழுதும் இரண்டு ஓரங்களில் விழுகிறது. ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் முதலில் பக்கச்சுவர் நெளிகிறது, அதற்குப் பிறகுதான் வண்டி திரும்புகிறது. நடுச்சாலையில் மாடு நிற்கும்போது அந்தத் தாமதம் போதும்.

முன் டயர்களில் குறைந்தால் வளைவில் வண்டி நேராகவே போகப் பார்க்கும். 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கொல்லிமலைப் பாதையில் இறங்கும்போது எடை முன்பக்கம் சாய்கிறது, ஏற்கெனவே தொய்ந்த முன் டயர் இன்னும் தொய்கிறது. பின் டயர்களில் குறைந்தால் அதைவிட மோசம். அவசரமாகத் தடம் மாறும்போது பின்புறம் வெளியே வீசும், அதைப் பிடித்து நேராக்கும் திறமை நம்மில் மிகச் சிலருக்கே உண்டு. இந்த இரண்டையும் "ரோடு சரியில்ல" என்று சாலையின் தலையில் கட்டிவிடுகிறோம்.

சாலைக்கும் அதன் பங்கு உண்டுதான். மே வெயிலில் தார் இளகி மேலே வந்து ஜல்லியின் முனைகளை மூடிக்கொள்கிறது. வெயில் பட்டால் கண்ணாடிபோல் மின்னும் அந்தக் கீற்றுகளில் பிடிப்பு குறைவு. அதன்மேல் எண்ணெயும் தூசியும் படிந்து, முதல் மழை தூறும்போது அது வழுக்கலாகிறது. அந்த மழை ஓய்வதற்குள் எத்தனை பைக்குகள் சறுக்குகின்றன என்று எல்லா ஊரிலும் பார்த்திருக்கிறோம். ஆனால் சாலை மோசமாக மோசமாக டயர் சரியாக இருக்க வேண்டியதன் அவசியம் கூடுகிறதே ஒழியக் குறைவதில்லை.

மே மாதத்தில் குறைத்த காற்றை யாரும் அக்டோபரில் ஏற்றுவதில்லை. டயர் தானாகவே மாதத்துக்கு ஒரு பாயின்டாவது இழக்கும். 33 இருக்க வேண்டிய டயர் 25-இல் வடகிழக்குப் பருவமழையைச் சந்திக்கிறது. 1960-களில் நாசா ஆய்வாளர்கள் விமான டயர்களை வைத்து ஒன்றைக் கண்டறிந்தார்கள். தேங்கிய நீரில் டயர் எந்த வேகத்தில் தரையை விட்டு மிதக்கத் தொடங்கும் என்பது, பெருமளவு அதன் காற்றழுத்தத்தைப் பொறுத்தது. அவர்களின் சூத்திரப்படி 33 பாயின்டில் சுமார் 96 கிலோமீட்டர். 25 பாயின்டில் சுமார் 83. பட்டன் ஆழம், நீரின் ஆழம், சாலையின் சொரசொரப்பு இவற்றால் இந்த எண்கள் மாறும், ஆனால் திசை மாறாது. மிதக்கும் டயருக்கு பிரேக்கும் கிடையாது, ஸ்டீயரிங்கும் கிடையாது. கூடவே பட்டனும் சட்டம் அனுமதிக்கும் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போயிருந்தால், திண்டிவனம் தாண்டி மழையில் 90-இல் போகிறவர் யாரை நம்பிப் போகிறார்?

வெயிலுக்குக் காற்றைக் குறைக்க வேண்டும் என்ற நம்பிக்கை இவ்வளவு ஊறிப்போனதற்கு ஒரு காரணம், நாம் காற்றைப் பார்க்கும் நேரம். ஐம்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டுப் பங்கில் நிறுத்துகிறோம். மீட்டர் 37 காட்டுகிறது. "ஓவரா இருக்கு சார்" என்று பையன் 33-க்கு இறக்குகிறான். வீட்டுக்குப் போய்க் குளிர்ந்ததும் அது 29. வாரம் தவறாமல் டயரைக் கவனிக்கும் பொறுப்பான மனிதர்கள்தான் இதில் அதிகம் ஏமாறுகிறார்கள். சூடான டயரிலிருந்து காற்றை இறக்கவே கூடாது. கதவோர எண் குளிர்ந்த டயருக்கானது. மூன்று மணி நேரமாவது நின்ற வண்டிக்குத்தான் அது பொருந்தும்.

"கம்மியா இருந்தா குலுங்காது" என்பது இன்னொரு ஆசை. பள்ளத்தில் விழும்போது தொய்ந்த பக்கச்சுவர் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே நசுங்கும். அடுத்த வாரம் டயரில் வீக்கம் தெரியும். மணலில் மாட்டிய ஜீப்புக்குக் காற்றை இறக்குவது சரியான வழிதான். அது மணலில், மெதுவாக, கொஞ்ச தூரத்துக்கு. நைட்ரஜன் போட்டால் வெப்பத்துக்கு விரியாது என்பதும் பொய். நாம் அடிக்கும் சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன். சூட்டில் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவுதான் ஏறும். அதிகமாக அடித்தால் நல்லது என்று யாரும் இதைப் புரிந்துகொள்ள வேண்டாம். 40 வைத்தால் பட்டை நடுவில் மட்டும் தேயும், பிடிப்பும் குறையும். முழுக் குடும்பமும் பெட்டிகளும் ஏறினால் எவ்வளவு என்று அதே ஸ்டிக்கரில் தனியே போட்டிருக்கும், பெரும்பாலும் பின் டயர்களுக்குக் கூடுதலாக. கோடைப் பயணத்துக்கு அந்த எண்தான் பொருந்தும், நாம் அதற்கு நேர் எதிராகச் செய்கிறோம்.

காற்று இலவசம். மீட்டர் சில நூறு ரூபாய். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் ரிவர்ஸ் எடுக்கவும் மேட்டில் நிறுத்தி எடுக்கவும் கற்றுத் தருகிறார்கள். முதல் நாள் முதல் வேலையாக டிரைவர் கதவைத் திறக்கச் சொல்லி, அந்த ஸ்டிக்கரை மாணவரையே வாசிக்க வைத்து, நான்கு டயர்களோடு ஸ்டெப்னியையும் அவர் கையாலேயே அளக்க வைக்க வேண்டும். லைசென்ஸ் தேர்வில் அதற்கு ஒரு கேள்வி இருக்க வேண்டும். பங்கில் காற்றடிப்பவர்களுக்கு எண்ணெய் நிறுவனங்கள் அரை நாள் பயிற்சி கொடுத்து, வண்டி வந்ததும் "எவ்வளவு சார்?" என்று கேட்காமல் "கதவத் திறங்க சார், பாத்துக்குறேன்" என்று சொல்ல வைக்க வேண்டும், அடுத்த ஏப்ரலுக்குள்.