‘ஒரிஜினல் பறை’ கேட்பவர்களுக்கு

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கருத்தரங்கின் மாலைக் கலைநிகழ்ச்சிக்கு எங்கள் ஊர்க் குழுவை அழைத்து வரச் சொன்னார்கள். முத்துப்பேட்டைப் பக்கம் என் பெரியப்பா நடத்தும் பேண்டு செட்டு அது. கிளாரினெட், டிரம்பெட், சைடு டிரம், பெரிய டிரம், கூடவே இரண்டு பறை. பட்டியலைப் பார்த்த அமைப்பாளர், “பறை மட்டும் வரட்டும் தம்பி. கிளாரினெட் எல்லாம் எதுக்கு? ஒரிஜினலா இருக்கணும்” என்றார். பெரியப்பாவிடம் சொன்னேன். “சாவுக்குப் பறையடிக்க மாட்டேன்னு சொன்னதுக்குத்தான் உங்க தாத்தாவை ஒரு போகம் முழுக்க வயல் வேலைக்குக் கூப்பிடாம விட்டாங்க. கிளாரினெட்டை அதுக்கப்புறம்தான் கையில எடுத்தோம். இப்ப அதைக் கீழ வைக்கச் சொல்றாங்களா?” என்று கேட்டார். குழு போகவில்லை.

அந்தக் கேள்வி இன்னும் என்னிடம் இருக்கிறது.

பெரியப்பாவின் குழு என்னதான் வாசிக்கும்? ஜாம்பவானோடை தர்கா பக்கம் சந்தனக்கூடு என்றால் நாகூர் ஹனிபா பாடல்கள். மாதா கோயில் தேர் என்றால் வெள்ளைக்காரன் காலத்து அணிவகுப்பு மெட்டுகள். கல்யாணத்துக்கு இளையராஜா. ஊர்வலத்தின் முடிவில் பொடியன்கள் ஆட, வளைகுடாவிலிருந்து வந்தவர் செல்போனில் போட்டுக் காட்டிய அரபுப் பாட்டு. நோட்டுப் புத்தகம் கிடையாது. இரண்டு முறை கேட்டால் போதும், மூன்றாம் முறை கிளாரினெட்டில் வந்துவிடும். உலக இசை என்ற சொல்லை அவர்கள் கேள்விப்பட்டதில்லை. ஆனால் வாசித்துக்கொண்டிருப்பது அதைத்தான்.

இதே வேலையை வேறொருவர் செய்தால் அதற்குப் பெயர் வேறு. எங்கள் மாவட்டத் தலைநகர் திருவாரூரில் 1775இல் பிறந்த முத்துசாமி தீட்சிதர், ஆங்கிலேயர் பேண்டு வாத்திய மெட்டுகளுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதினார். பிரிட்டிஷ் அரசரை வாழ்த்தும் பாட்டின் மெட்டும் அதில் உண்டு. நோட்டுஸ்வரம் என்று இன்றும் சபாக்களில் பாடுகிறார்கள். தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி அரண்மனையிலேயே மேற்கத்திய பேண்டு வைத்திருந்தார். அது ரசனை, மேதைமை. சேரிக்காரர் கையில் கிளாரினெட் வந்தால் மட்டும் மரபு கெட்டுவிடுகிறது.

சாதி, வேலையை மட்டுமல்ல, வேலை செய்கிற மனிதர்களையே மேல்கீழாகப் பிரித்து அடைக்கிறது என்பதை அம்பேத்கர் 1936லேயே ‘சாதி ஒழிப்பு’ உரையில் விளக்கிவிட்டார். இசையிலும் அதுதான் நடக்கிறது. இந்தப் பிறப்புக்கு இந்தக் கருவி, இந்தக் கருவிக்கு இந்த இடம். வீணைக்கு மேடை, பறைக்குச் சுடுகாட்டுப் பாதை. ‘ஒரிஜினல்’ கேட்பவர் நல்லெண்ணத்தோடுதான் கேட்கிறார். ஆனால் அவர் நீட்டுவது அதே பழைய ஒதுக்கீட்டுச் சீட்டு.

அதனால்தான் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ எனக்கு முக்கியமாகப் படுகிறது. பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு அது. 2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதன்முதலாக மேடையேறியது. கானா, ராப், ராக் மூன்றும் ஒரே மேடையில். சட்டி, பறை, கிட்டார், டிரம்ஸ் ஒரே வரிசையில். இட ஒதுக்கீடு, மாட்டுக்கறி, ஆணவக்கொலை எல்லாம் பாட்டாயின. ஆண்களின் கோட்டையான கானாவை அங்கே பாடிய இசைவாணி, 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். இதை ‘ஃபியூஷன்’ என்று சொல்லிக் கடந்துபோக முடியாது. எந்த ஓசை யாருக்கு என்று சாதி போட்ட கணக்கைப் பொதுமேடையில் கிழித்துப் போட்ட செயல் அது.

கடல் கடந்தும் இந்தக் கதை உண்டு. டிரினிடாடில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கறுப்பின மக்களின் முரசுகளுக்குக் காலனி அரசு தடை போட்டது. அவர்கள் மூங்கிலைத் தட்டினார்கள், பிஸ்கட் டின்னைத் தட்டினார்கள், கடைசியில் எண்ணெய்ப் பீப்பாயை அடித்து வளைத்து ‘ஸ்டீல் பேன்’ ஆக்கினார்கள். 1951இல் அவர்களது குழு ஒன்று லண்டன் போய் வாசித்தது. கலிப்சோ வாசிக்கும் அதே பீப்பாயில் ஐரோப்பியச் செவ்வியல் இசையையும் வாசிக்கிறார்கள். இது உன் இசை இல்லையே என்று கேட்டவர்களுக்கு அதுவே பதில்.

நம் தோழர்கள் சிலரும் பறையோடு கிட்டார் சேர்ந்தால் அடையாளம் நீர்த்துப்போகும் என்கிறார்கள். அவர்களது கவலையை நான் தள்ளவில்லை. இழிவென்று சுமத்தப்பட்ட பறையை விடுதலையின் கருவியாக மீட்டெடுத்தது தலித் இயக்கங்களின் பெரும் சாதனை. ஆனால் மீட்பு என்பது தேர்ந்தெடுக்கும் உரிமை. என் தாத்தா பறையை மறுத்ததும் சுயமரியாதை. என் தங்கை இன்று பறை கற்பதும் சுயமரியாதை. அவள் நாளை வயலின் கேட்டால் அதுவும்தான். அடிக்கவே கூடாது என்பதும் பறை மட்டுமே அடி என்பதும் கட்டளைகள். கட்டளையிடும் இடத்தில் நாம் போய் உட்கார வேண்டாம்.

எனவே, விழா நடத்தும் தோழர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஊர்க் குழுவை அழைக்கும்போது என்ன வாசிக்க வேண்டும் என்று நீங்கள் சொல்லாதீர்கள். என்ன வாசிக்க விரும்புகிறீர்கள் என்று கேளுங்கள். சபாக் கலைஞருக்குக் கொடுக்கும் நாற்காலியையும் நேரத்தையும் ஊதியத்தையும் அவர்களுக்கும் கொடுங்கள்.

பெரியப்பாவுக்கு வயதாகிவிட்டது. கிளாரினெட்டை அவர் இன்னும் கீழே வைக்கவில்லை.