விசா பிள்ளையாரும் விண்ணப்பப் பத்திரமும்

கடல் கடந்தவன் பதிதன் என்கிறது பௌதாயன தர்ம சூத்திரம். ஆனால் இன்றைய சாமிகளோ கடல் கடக்க அனுமதிச் சீட்டு வாங்கித் தரும் தரகு வேலையில் இறங்கியிருக்கின்றன. ஐதராபாத்துக்கு அருகில் சில்கூரில் விசா பாலாஜி. வேண்டிக்கொள்ள 11 சுற்று, விசா கிடைத்தால் 108 சுற்று. நம் சென்னையிலும் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு விசா கணபதி. சாஸ்திரம் மெய்யானால் இச்சாமிகள் பாவத்துக்குத் தரகர்கள். சாமிகள் மெய்யானால் சாஸ்திரம் பொய். இரண்டில் எதுவென்று பக்தர்களே சொல்லட்டும்.

வேடிக்கைக்காக இதை எழுதவில்லை. விம்கோ நகர்த் தோழர் ஒருவர் சென்ற வாரம் நம்மிடம் வந்தார். துபாயில் வெல்டர் வேலை. மூன்று வருஷத்துக்கு முன் சங்க மண்டபத்தில், புரோகிதனும் தாலியும் இன்றி, மாலை மாற்றிச் சுயமரியாதைத் திருமணம் செய்துகொண்டவர். இரண்டு வயதில் ஒரு குழந்தையும் உண்டு. இப்பொழுது மனைவியையும் குழந்தையையும் தம்மோடு வைத்துக்கொள்ளக் குடியிருப்பு அனுமதி வேண்டும்.

அதற்கு அந்நாட்டுச் சர்க்கார் கேட்பதென்ன? மாதச் சம்பளம் 4000 திர்ஹாம், அல்லது 3000மும் வீடும். கல்யாணப் பதிவுப் பத்திரம், அதன் அரபு மொழிபெயர்ப்பு. அதன்மேல் நம் மாநிலச் சர்க்கார், இந்திய வெளியுறவு இலாகா, அந்நாட்டுத் தூதரகம் ஆகியவற்றின் அத்தாட்சி. இந்த ஜாபிதாவில் அர்ச்சனைச் சீட்டு எங்கேயாவது உண்டா? ஆனால் தோழரின் தாயார் மருமகளின் பாஸ்போர்ட்டை மஞ்சள் துணியில் முடிந்து பிள்ளையார் காலடியில் வைத்து எடுத்து வந்துவிட்டார். பதிவுப் பத்திரம் மட்டும் இல்லை. கல்யாணம் பதியப்படவே இல்லை! “கோயிலில் ஐயரை வைத்து இன்னொரு தரம் தாலி கட்டி ரசீது வாங்குங்கள், வேலை சுலபம்” என்று ஒரு தரகர் யோசனை சொன்னாராம். “என்ன செய்யட்டும், அண்ணே?” என்று தோழர் தலைகுனிந்து கேட்டார்.

தலைகுனிய வேண்டியவர் அவரல்ல. கல்யாணத்தை நடத்திவைத்து, கைதட்டி, பிரசங்கம் செய்துவிட்டு, பதிவு ஆபீசுக்கு வழிகாட்டாமல் வீடு திரும்பிய நாமேயாவோம்.

சடங்கில்லாத கல்யாணம் செல்லாது என்று 1950களில் சென்னை ஹைகோர்ட் சொல்லிற்று. 1967இல் அண்ணாவின் அரசு இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவைச் சேர்த்தது. 1968 ஜனவரியில் அது அமுலுக்கு வந்தது. உறவினர், நண்பர் முன்னிலையில் ஒருவரையொருவர் துணையாக ஏற்பதாகச் சொல்வதோ, மாலையோ மோதிரமோ மாற்றுவதோ, தாலி கட்டுவதோ, ஏதேனும் ஒன்று போதும். 2023 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டும் இப்பிரிவை உறுதி செய்தது. இவ்வளவு பாடுபட்டுப் பெற்ற உரிமையை ஒரு கோயில் ரசீதுக்கு விற்பதா? அன்றியும், கல்யாணத் தேதி நேற்று, குழந்தைக்கு வயது இரண்டு என்றால் தூதரகத்தில் ஐயரா வந்து பதில் சொல்வார்?

2009ஆம் வருஷச் சட்டப்படி தமிழ்நாட்டில் எந்தக் கல்யாணத்தையும் 90 நாளுக்குள் பதிய வேண்டும். தவறவிட்டவர்க்கும் வழியுண்டு. முன்பே எம்முறையில் நடந்த கல்யாணத்தையும், 30 நாள் அறிவிப்புக்குப் பின் பதிந்துகொள்ள 1954ஆம் வருஷத்துச் சிறப்புத் திருமணச் சட்டத்தின் 15வது பிரிவு இடம் தருகிறது. தோழரை அந்த வழியில் அனுப்பியிருக்கிறோம்.

மற்றொரு விஷயம். விண்ணப்பத்தில் ‘குடும்பப் பெயர்’ என்ற கட்டத்தைக் கண்டதும் சிலர் தாத்தாவின் சாதிப் பட்டத்தைத் தேடிப் பிடிக்கிறார்கள். 1929இல் செங்கற்பட்டு மாநாட்டில் வெட்டியெறிந்த வாலை அயல்நாட்டான் காகிதத்துக்காக ஒட்டவைப்பது என்ன யோக்கியதை? அந்தக் கட்டத்தில் தகப்பனார் பெயரை எழுதுங்கள். பாஸ்போர்ட், ஆதார், கல்யாணப் பத்திரம், குழந்தையின் பிறப்புச் சான்று எல்லாவற்றிலும் ஓர் எழுத்தும் பிசகாமல் அதையே எழுதுங்கள். எழுத்துப் பிசகைப் பிள்ளையார் மன்னிக்கலாம், குமாஸ்தா மன்னிக்கமாட்டான்.

ஆகவே, தோழர்களே! இனி எந்தச் சுயமரியாதைத் திருமண மேடையிலும் மாலைத் தட்டுக்குப் பக்கத்தில் பதிவு விண்ணப்பமும் பேனாவும் இருக்கட்டும். சாட்சிகள் கையெழுத்திடாமல் பந்தியில் உட்கார வேண்டாம். புரோகிதனை விரட்டியது பாதி வேலை. மீதிப் பாதி பதிவு ஆபீசில் இருக்கிறது.