முப்பத்தோராம் நாளுக்கு முன்னரே எழுதுவோம்

யாழ்ப்பாணத்தில் ஒருவர் கண்மூடினால், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குள் அவருடைய வாழ்க்கை அச்சில் வந்துவிடும். நினைவு மலர் என்றும் கல்வெட்டு என்றும் நாம் சொல்லும் அந்தச் சிறு நூலின் ஒழுங்கு எல்லோருக்கும் தெரியும். முகப்பில் படம், திதி வெண்பா, பஞ்சபுராணம், வாழ்க்கை வரலாறு, பிள்ளைகள் பேரப்பிள்ளைகளின் புலம்பல், வம்சாவளி, கடைசியில் நன்றி நவிலல். கமக்காரர், கடைக்காரர், எழுதுவினைஞர், குடும்பப் பெண் என்று ஊருக்கு வெளியே பெயர் தெரியாதவர்களின் வாழ்க்கையை இவ்வளவு பெருந்தொகையாக அச்சேற்றிய சமூகங்கள் அதிகம் இருக்க முடியாது. நூலகம் நிறுவனத்தின் மின்னூலகத்தில் இப்படியான மலர்கள் சேர்ந்து கிடக்கின்றன. வருங்கால ஆய்வாளருக்கு அது ஒரு புதையல்.

ஆனால் பத்து மலர்களை எடுத்து அடுத்தடுத்து வாசித்தால் மனம் சோர்ந்துவிடும். எல்லோரும் நல்லூரானின் அடியவர், எல்லோரும் விருந்தோம்பலில் சிறந்தவர், எல்லோரும் பிள்ளைகளைக் கல்வியில் உயர்த்தியவர். கோபக்காரர் ஒருவரும் இல்லை. கடன்பட்டவர் இல்லை, சகோதரத்தோடு பேச்சில்லாமல் இருபது வருடம் வேலிக்கு இந்தப் பக்கம் வாழ்ந்தவரும் இல்லை. அந்த மனிதரை அந்த மனிதராக்கிய எல்லாவற்றையும் கழித்துவிட்டு, மிச்சத்தை மட்டும் அச்சகத்துக்குக் கொடுத்திருக்கிறோம்.

கொக்குவிலில் எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் இருந்தார். சின்ன வயதிலேயே பள்ளிக்கூடத்தை விட்டுச் சுருட்டுக் கொட்டிலுக்குக் காம்பு கிழிக்கப் போனவர். கொக்குவிலும் கோண்டாவிலும் சுருட்டுக்குப் பேர்போன ஊர்கள். இங்கே சுற்றிய சுருட்டு தென்னிலங்கை வரை போனது. அங்கே கடை வைத்திருந்தவர்களிலும் நம்மவர்கள் பலர். கொட்டிலில் கைக்கு ஓய்வில்லை, காதுக்கு வேலையில்லை. அதனால் ஒருவர் உரத்து வாசிக்க, மற்றவர்கள் கேட்டபடி சுற்றுவார்கள். கியூபாவின் சுருட்டுத் தொழிற்சாலைகளில் 1865 முதல் இதே வழக்கம் இருந்தது. உலகத்தின் இரண்டு மூலையில் இருக்கும் இரண்டு தீவுகளில் ஒரே தொழில் ஒரே வாசிப்புப் பழக்கத்தை வளர்த்தது என்பது எனக்கு இன்றும் வியப்புத்தான்.

1950 முதல் 1954 வரை கல்கியில் தொடராக வந்த ‘பொன்னியின் செல்வன்’ முழுவதையும் அந்தப் பெரியவர் காதாலேயே வாசித்தவர். முழுவதையும் என்று சொல்வதும் சரியில்லை. இலை வராவிட்டால் கொட்டில் பூட்டு. அன்றைக்கு வாசித்திருக்க வேண்டிய அத்தியாயமும் போய்விடும். விடுபட்ட இடங்களை அவர் தானே கட்டி நிரப்பி வைத்திருந்தார். அவருடைய கதையில் வந்தியத்தேவன் நெடுந்தீவில் கரையேறிக் குதிரைக்கு விலை பேசுவான். பல வருடம் கழித்து மகன் ஐந்து பாகத்தையும் வாங்கிக் கொடுத்தபோது, முதற்பாகத்தில் சில பக்கங்கள் பார்த்துவிட்டு மூடி வைத்துவிட்டாராம். ஏன் என்று கேட்டேன். “அது வேறை கதை தம்பி. நான் கேட்டது வேறை” என்றார். அவருடைய நினைவு மலரில் இதில் எதுவும் இல்லை. சுருட்டுத் தொழில் செய்து பிள்ளைகளை நல்ல நிலைக்குக் கொண்டுவந்தார் என்று ஒரு வரி இருந்தது.

இப்படிப்பட்டவர்களை அவர்கள் உயிரோடு இருக்கும்போதே, நிறைகுறைகளோடு, நீளமாக, மெய்யாக எழுதும் இதழியல் நமக்கு வேண்டும். நம் பத்திரிகைகள் அதை ஒரு பொழுதுபோக்குப் பக்கமாக நினைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. செய்தியைப் போலவே அதுவும் பத்திரிகையின் கடமை.

இந்தத் துறையில் உலகம் முதலில் சொல்லும் பெயர்களில் ஒன்று ஜோசப் மிச்செல். 1908இல் அமெரிக்காவின் வட கரோலினாவில், பருத்தியும் புகையிலையும் விளையும் ஃபெயார்மொண்ட் என்ற சிற்றூரில் பிறந்தவர். 1929இல் நியூயோர்க்குக்குப் போனார், 1938இல் ‘நியூயோர்க்கர்’ சஞ்சிகையில் சேர்ந்தார். அந்த மாநகரத்தில் அவர் தேடிப்போனது மேயரையோ கோடீஸ்வரரையோ அல்ல. பௌவரித் தெருவில் திரையரங்கு நுழைவுச்சீட்டு விற்றுக்கொண்டு, வேலை முடிந்த பிறகு நடைபாதையில் கிடக்கும் குடிகாரர்களுக்குச் சில்லறை கொடுத்துத் திரிந்த ஒரு பெண். தாடி வளர்ந்த சர்க்கஸ் பெண்மணி. வானுயர் கட்டடங்களுக்கு இரும்பு பொருத்திய மோஹோக் பழங்குடியினர். துறைமுகத்தில் மட்டி அள்ளுபவர்கள். அவர்களுக்கு அருகில் மாதக்கணக்கில் இருந்து கேட்டார். ‘சின்ன மனிதர்கள்’ என்று அவர்களை யாரும் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. உன்னளவுக்கு அவர்களும் பெரியவர்களே என்பது அவருடைய நிலைப்பாடு.

புகையிலை விளையும் ஊரில் பிறந்து மாநகரத்துக்குப் போய் அங்குள்ள மனிதர்களை எழுதிய இன்னொருவர் நம்முடையவர். அ. முத்துலிங்கம் 1937இல் கொக்குவிலில் பிறந்தார். கொக்குவில் இந்துக் கல்லூரியிலும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் படித்தார். 1964இல் ‘அக்கா’ தொகுப்பு வந்த பிறகு நீண்ட இடைவெளி. கணக்காளராக, ஐ.நா. அதிகாரியாக ஆபிரிக்காவிலும் ஆசியாவிலும் பல நாடுகளைச் சுற்றிவிட்டு, 1995இல் ‘திகடசக்கரம்’ தொகுப்போடு திரும்பி வந்தார். பிறகு ரொறன்ரோவில் இருந்துகொண்டு எழுதியவற்றில் கதை எது, கட்டுரை எது என்று பிரிப்பது கடினம். அயல்வீட்டுக்காரர், அகதியாய் வந்திறங்கிய பையன், விருந்தொன்றில் பக்கத்துக் கதிரையில் இருந்தவர் என்று யார் வந்தாலும், அவர்களுக்குத் தெரிந்ததும் தனக்குத் தெரியாததும் என்ன என்று கேட்கும் ஒருவர் அந்த எழுத்தில் இருப்பார். தொழிலின் நுட்பத்தை விடமாட்டார். அழ வேண்டிய இடத்தில் தான் அழாமல் நிற்பார். நீளமாக எழுதத் தெரியாத குறை என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. எங்கே நிறுத்துவது என்று தெரிந்தவர் அவர்.

அவர் ஏன் ரொறன்ரோவில் இருந்து எழுதினார், இங்கே இருப்பவர்களால் ஏன் முடியவில்லை? பெருநகரத்தில் ஒருவர் விசித்திரமாக வாழலாம். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அவரைப் பற்றி எழுதினாலும் அவருடைய மகளின் கலியாணம் குழம்பிவிடாது. கொக்குவிலில் எழுதுபவரும் எழுதப்படுபவரும் ஒரே கோயில் திருவிழாவில் நாளைக்குச் சந்திக்க வேண்டும். பெயரைச் சொல்லாவிட்டாலும் ஒழுங்கையைச் சொன்னால் ஆளைப் பிடித்துவிடுவார்கள்.

இன்னொரு காரணம் நம் மனத்திலேயே இருக்கிறது. வழக்கத்துக்கு மாறாக நடப்பவருக்கு நாம் வைத்திருப்பது இரண்டே இரண்டு இருக்கை. ஒன்று விசர், மற்றது சித்தர். நல்லூர்த் தேரடியில் இருந்த செல்லப்பா சுவாமியை அந்தக் காலத்து யாழ்ப்பாணம் விசர் செல்லப்பர் என்றது. அவர் 1915இல் மறைந்தார். அவருடைய சீடர் யோகர் சுவாமியின் புகழோடு குருவும் ஞானியானார். ஏசப்பட்டவரும் வணங்கப்பட்டவரும் ஒரே ஆள். அவர் என்ன சாப்பிட்டார், யாரோடு சண்டை பிடித்தார், மழைக்கு எங்கே ஒதுங்கினார் என்று அன்றைக்கே பக்கத்தில் இருந்து எழுதிய ஒரு பத்திரிகைக்காரர் இருந்திருந்தால் நமக்கு எவ்வளவு கிடைத்திருக்கும்! பைத்தியமும் ஆகாமல் ஞானியும் ஆகாமல் தன்பாட்டில் வாழ்பவர்களுக்கு நம் எழுத்தில் இன்னும் இடம் ஒதுக்கப்படவில்லை.

சாதியையும் சொல்லத்தான் வேண்டும். யார் வாழ்க்கை எழுதத் தக்கது என்பதை இங்கே நீண்டகாலம் சாதியும் காணியும் தீர்மானித்தன. மலர் அடிக்கக் காசும், எழுதித்தர ஓர் ஆசிரியரும் உள்ள வீட்டுக்குத்தான் கல்வெட்டு. இதை உடைத்தவர்களில் முக்கியமானவர் டொமினிக் ஜீவா. யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் முடிதிருத்தும் நிலையம் நடத்தியவர், 1966இல் ‘மல்லிகை’யைத் தொடங்கினார். இதழின் அட்டையில் ஒருவரின் படத்தைப் போட்டு, உள்ளே அவரைப் பற்றி எழுதுவித்தார். உயிரோடு இருக்கும்போதே மனிதரைக் கௌரவிப்பது என்ற அந்த ஒழுக்கத்தைப் பல தசாப்தம் கைவிடாமல் காத்தார். ஆனால் அங்கே அதிகம் வந்தவர்கள் எழுத்தாளரும் கலைஞரும் சமூகத் தொண்டரும். ஒன்றும் சாதிக்காத மனிதருக்கு அட்டை கிடைப்பது அருமை.

தமிழில் இதற்கு ஒரு வடிவமே இருந்தது. மணிக்கொடிக் காலத்தில் வ.ரா. எழுதிய நடைச்சித்திரங்கள், தெருவில் காணும் ஆட்களைப் பத்திரிகைக்குள் கொண்டுவந்தன. அதே வ.ரா. கொழும்புக்கு வந்து வீரகேசரிக்கு ஆசிரியராகவும் இருந்தார். வாசல்வரை வந்த விதை இங்கே ஏன் பெருமரமாகவில்லை என்று யோசிக்கும்போது போர் குறுக்கே வருகிறது. முப்பது வருடமாக நம் பத்திரிகைகளில் சாதாரண மனிதர் ஓர் எண்ணிக்கையாக வந்தார். இத்தனை பேர் பலி, இத்தனை பேரைக் காணவில்லை. 1987 ஐப்பசியில் இந்தியப் படை நடவடிக்கையின்போது கொக்குவில் இந்துக் கல்லூரியில் அடைக்கலம் புகுந்திருந்தவர்கள் மீது எறிகணை விழுந்தது. இறந்தவர்களின் தொகையை இன்றும் சொல்கிறோம். அந்த வகுப்பறைத் தரையில் அவர்கள் எதை விரித்துப் படுத்தார்கள், வீட்டில் இருந்து எதை எடுத்துக்கொண்டு வந்தார்கள், யாருக்கு யார் சமைத்தார்கள் என்பதைச் சொல்லக்கூடியவர்கள் முதுமை அடைந்துவிட்டார்கள். உயிரச்சம் நிறைந்த அந்த நாட்களில் எண்ணிக்கையையாவது காப்பாற்றிய நிருபர்களை நான் குறைசொல்லவில்லை. அது அன்றைய கடமை. இன்றைய கடமை வேறு.

இந்த வகை எழுத்தின் ஆபத்துகளையும் பார்க்க வேண்டும், அவை சிறியவை அல்ல. மிச்செலின் பேர்பெற்ற கட்டுரை ஜோ கூல்ட் என்பவரைப் பற்றியது. ஹாவார்டில் படித்துவிட்டு நியூயோர்க்கின் கிரீன்விச் வில்லேஜ் தெருக்களில் அலைந்த கூல்ட், மனிதர் பேசுவதையெல்லாம் எழுதி உலகிலேயே நீளமான வரலாற்று நூலை உருவாக்குவதாகச் சொன்னார். 1942இல் மிச்செல் அதை நம்பி எழுதினார். கூல்ட் 1957இல் இறந்தார். அப்படி ஒரு நூலே இல்லை என்று 1964இல் மிச்செல் எழுதினார். அதன் பிறகு 1996இல் சாகும்வரை அலுவலகத்துக்குப் போய்வந்தார். சொல்லும்படியாகப் புதிதாக எதையும் வெளியிடவில்லை. வரலாற்றாசிரியர் ஜில் லெப்போர் 2016இல் வெளியிட்ட நூல் இன்னொரு பக்கத்தைத் திறந்தது: அகஸ்டா சாவேஜ் என்ற கறுப்பினச் சிற்பியை கூல்ட் விடாமல் துரத்தித் தொல்லைப்படுத்தியவர். விசித்திர மனிதர் மீது வரும் வாஞ்சை, அவரால் துன்பப்பட்டவரை நம் கண்ணில் இருந்து மறைத்துவிடும். நம்மூரில் ஒரு ‘சுவாரசியமான’ மனிதரை எழுதப் போகிறவர் முதலில் அவருடைய மனைவியிடம் பேச வேண்டும்.

உண்மைக்கும் பிரச்சினை உண்டு. தான் எழுதிய ‘திருவாளர் ஃபிளட்’ என்ற முதியவர், பல முதியவர்களைச் சேர்த்துத் தான் வார்த்த ஓர் ஆள் என்று மிச்செல் 1948இல் அந்த நூலின் முன்னுரையிலேயே ஒப்புக்கொண்டார். செய்தி என்று நம்பி வாசித்த வேறு சிலவற்றிலும் இப்படி நடந்திருப்பதை 2015இல் வந்த அவருடைய வாழ்க்கை வரலாற்று நூல் காட்டியது. முத்துலிங்கம் 2008இல் வந்த தன் நூலுக்கு ‘உண்மை கலந்த நாட்குறிப்புகள்’ என்று பெயர் வைத்து, அதை நாவல் என்றே வெளியிட்டார். வாசகருக்கு வாசலிலேயே விபரம் கிடைத்துவிடுகிறது. அது நேர்மையான வழி. கலப்பதென்றால் நாவல் என்று சொல்லிக் கலக்கலாம். பத்திரிகைப் பக்கத்தில் ஒரு மனிதரின் பெயரைப் போட்டுவிட்டால், அவர் வாயில் வராத ஒரு சொல்லும் அங்கே வரக்கூடாது.

இது ஒரு பெரிய செலவு பிடிக்கும் வேலையும் அல்ல. யாழ்ப்பாணத்தின் நாளிதழ் ஒன்று மாதத்துக்கு ஒரு முழுப்பக்கத்தை விளம்பரத்துக்குக் கொடுக்காமல் ஒதுக்கட்டும். ஒரு நிருபருக்கு அந்த மாதம் வேறு வேலை வேண்டாம். செய்திக்கு இவ்வளவு என்று எண்ணிக் கொடுக்கும் கூலியை விட்டு, மாதக்கூலி கொடுக்கட்டும். யாழ் பல்கலைக்கழக ஊடகக் கற்கைகள் துறை மாணவர்கள் ஒரு தவணை முழுவதும் ஒரே ஒரு மனிதரோடு பழகி எழுதுவதைப் பாடமாக்கலாம். எழுதப்பட்டவர் அச்சுக்கு முதல் வாசித்துப் பார்க்க வேண்டும், வேண்டாம் என்றால் வேண்டாம். ஒலிப்பதிவை அவருடைய ஒப்புதலோடு நூலகம் நிறுவனத்திடம் ஒப்படைக்கலாம்.

ஆட்களுக்குப் பஞ்சம் இல்லை. காங்கேசன்துறை வீதியில் தட்டாதெருச் சந்தியில் இருந்து வடக்கே மெதுவாகச் சைக்கிளில் போனாலே போதும். சுருட்டுச் சுற்றிய தலைமுறையில் மிஞ்சியிருப்பவர்கள் உள்ஒழுங்கைகளில் இருக்கிறார்கள். 1990இல் நின்று கால் நூற்றாண்டு கழித்துத் திரும்பி வந்த ரயிலின் நேரத்துக்குத் தன் நாளை மறுபடி ஒழுங்குபண்ணிக்கொண்ட ஒரு கடைக்காரர் இருப்பார். எல்லாப் பிள்ளைகளும் ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்க, பூட்டிய நாலு வீட்டுத் திறப்புகளைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு காலை மாலை விளக்கு வைக்கும் ஓர் அம்மா எந்த ஒழுங்கையிலும் இருப்பார். அந்த நாலு வீடுகளில் எந்த வீட்டில் முதலில் விளக்கு வைக்கிறார், ஏன் என்பதில் இருந்து தொடங்கலாம்.