பாகப்பிரிவினைக்கு ஒரே ஒரு பத்திரம் போதுமா?



அண்ணன் தம்பிகள் நிலத்தைப் பங்கிட்டுக் கொள்ளும்போது பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதுவார்கள். எவர் பங்கு எங்கே தொடங்குகிறது, எதுவரை செல்கிறது என்பதெல்லாம் அதில் இருக்கும். கணிப்பொறியின் வட்டுக்கும் இப்படி ஒரு பத்திரம் உண்டு. அதுதான் பிரிவு அட்டவணை. புதிய வட்டில் இயக்க அமைப்பை நிறுவும்போது, அட்டவணையை எம்.பி.ஆர். முறையில் எழுதுவதா, ஜி.பி.டி. முறையில் எழுதுவதா என்ற கேள்வி எழுகிறது. பலர் ஏதோ ஒன்றை அழுத்திவிட்டு மேலே செல்கிறார்கள். காரணம் அறிந்து தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

முதலில் மூத்ததைப் பார்ப்போம். எம்.பி.ஆர். முறை 1983-இல் ஐ.பி.எம். பி.சி. எக்ஸ்.டி. கணிப்பொறியுடன் வந்தது. இதன்படி, வட்டின் முதல் 512 பைட்டுகளில் 64 மட்டுமே அட்டவணைக்கு உரியவை. ஒரு பிரிவுக்கு 16 பைட் வீதம் நான்கே பிரிவுகள். ஒரு பிரிவின் தொடக்கத்தையும் நீளத்தையும் குறிக்கும் எண்களுக்குத் தலா 32 பிட். 2-இன் 32-ஆம் அடுக்கு 429 கோடிக்குச் சற்று அதிகம். வட்டின் ஒரு துண்டு 512 பைட் என்பதால், அதை 512-ஆல் பெருக்குங்கள். சுமார் 2.2 லட்சம் கோடி பைட், அதாவது 2.2 டெராபைட் வரும். ஒரு பிரிவு அதைவிடப் பெரிதாக இருக்க முடியாது. இதை அமைத்தவர்களைக் குறை கூற வேண்டாம். அன்றைய எக்ஸ்.டி.யின் வட்டு 10 மெகாபைட்தான்!

"என் வட்டு 1 டெராபைட்தானே, பழைய முறையே போதாதா?" என்று நீங்கள் கேட்கலாம். அளவை மட்டும் பார்த்தால் போதும். ஆனால் எம்.பி.ஆர். முறையில் அந்த அட்டவணைக்கு நகல் கிடையாது. அந்த 64 பைட்டுகள் சிதைந்தால், கோப்புகள் வட்டிலேயே இருந்தும் எல்லை தெரியாத நிலம்போல் ஆகிவிடும்.

ஜி.பி.டி. முறை இந்தக் குறையை நீக்குகிறது. அட்டவணையின் ஒரு படி வட்டின் தொடக்கத்திலும், மற்றொரு படி இறுதியிலும் இருக்கும். அத்துடன் சரிபார்ப்பு எண் ஒன்றும் உண்டு. அட்டவணையில் ஒரு பிட் மாறினாலும் கணக்கு ஒத்துப்போகாது, பிழை வெளிப்பட்டுவிடும். முதல் படி கெட்டால் இரண்டாவதைக் கொண்டு சீராக்கலாம். எண்களுக்கு 64 பிட். வழக்கமாக 128 பிரிவுகளுக்கு இடம். ஆகவே, புதிய கணிப்பொறி என்றால் தயங்காமல் ஜி.பி.டி.யையே தேர்ந்தெடுங்கள்.

அப்படியானால் எம்.பி.ஆர். எதற்கு? கணிப்பொறியை எழுப்பும் நிரல் பழைய கருவிகளில் பயாஸ், புதியவற்றில் யு.இ.எஃப்.ஐ. பயாஸ் மட்டுமே உள்ள கணிப்பொறியில் ஜி.பி.டி. வட்டிலிருந்து விண்டோஸ் எழாது. அங்கே எம்.பி.ஆர். முறைதான் வழி. மாறாக, 2021-இல் வந்த விண்டோஸ் 11-க்கு யு.இ.எஃப்.ஐ. உள்ள கணிப்பொறி வேண்டும். விண்டோஸில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' என்ற பகுதியைத் திறந்து, 'பயாஸ் மோட்' என்ற வரியைப் பாருங்கள். கணிப்பொறி இப்போது எந்த முறையில் எழுகிறது என்பது தெரியும்.

இனி எச்சரிக்கை ஒன்று. ஏற்கெனவே கோப்புகள் உள்ள வட்டில் புதிய அட்டவணையை எழுதினால், பழைய பிரிவுகள் கைவிட்டுப் போகும். வீட்டாரின் புகைப்படங்களும் உங்கள் செய்முறைக் குறிப்புகளும் அதில் இருக்கலாம். ஜி.பி.டி. இரண்டு படி வைப்பது அட்டவணையை மட்டுமே. உங்கள் கோப்புகளை அல்ல. வட்டே பழுதானால் இரண்டு படியும் சேர்ந்தே போகும்.

ஆகையால் முதலில் கோப்புகளை வேறொரு வட்டில் நகலெடுங்கள். நகல் திறக்கிறதா என்று சோதியுங்கள். எந்த முறை என்ற கேள்விக்கு அதற்குப் பிறகு விடை சொல்லுங்கள்.