இரண்டாவது விருப்பு எங்கே போனது?



2024 செப்டம்பர் 21ஆம் திகதிய இலங்கை ஜனாதிபதித் தேர்தலைச் சற்று நினைத்துப் பாருங்கள். 2020இல் நம் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்ட காயத்தைக் காட்டியே நம்மிடம் வாக்குக் கேட்டார்கள். நானும் ஒரு வாக்காளன். நான் கேட்ட மேடைகளில் “எங்கள் சின்னத்துக்கு மட்டும் போடுங்கள்” என்ற பேச்சே ஒலித்தது. 1, 2, 3 என மூன்று விருப்புகளை அடையாளமிடும் உரிமையை எவரும் விளக்கவில்லை.

விளைவு? 1982 முதல் 2019 வரை 8 தேர்தல்களிலும் வராத இரண்டாம் எண்ணிக்கை அன்று வந்தது! அநுர குமார திசாநாயக்க, சஜித் பிரேமதாச இருவரும் தவிர்ந்த ஏனையோர் பெற்றவை சுமார் 33 இலட்சம் வாக்குகள். அவற்றிலிருந்து இவ்விருவருக்கும் சேர்ந்த விருப்புகள் 273,131 மட்டுமே. சுமார் 30 இலட்சம் வாக்குகள் இறுதித் தீர்ப்பில் ஊமையாகின. இருவருக்கும் இடையிலான இறுதி வித்தியாசமோ சுமார் 12 இலட்சம்தான்!

வியாபாரிகளே! கல்லாவில் பத்து ரூபாய் குறைந்தால் திரும்பத் திரும்ப எண்ணுகிறீர்கள். வாக்குக் கணக்கை மட்டும் ஏன் பார்ப்பதில்லை?

இளைஞர்களே! வாக்கு ஓர் அமானிதம். யாருக்கு என்பதை அவரவர் மனச்சாட்சி தீர்மானிக்கட்டும். எப்படி என்பதை வீடு வீடாக நீங்கள் கற்றுக்கொடுங்கள். அடுத்த மேடை கட்டப்படுமுன்பே தொடங்குங்கள்!