குழி நிரம்பினால் யார் அள்ளுவது?

சுகாதாரப் பரப்புரை என்றாலே எல்லோருக்கும் ஒரே கவலைதான்: மக்களுக்குப் புரிகிற மாதிரி எப்படிச் சொல்வது? நாங்கள் கேட்பது வேறு. 'மக்கள்' என்று நீங்கள் எழுதும்போது உங்கள் கண்முன் வந்து நிற்பது யார்? ஊரா, சேரியா?

2020 மார்ச்சில் 'சமூக விலகல்' என்று தெருத்தெருவாக ஒலிபெருக்கியில் சொன்னார்கள். எங்களை விலக்கி வைத்தே பழகிய ஊரில் அந்தச் சொல் யார் காதில் எப்படி விழும் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. உலக சுகாதார நிறுவனம் அதே மாதத்தில் 'உடல் இடைவெளி' என்று சொல்லத் தொடங்கிவிட்டது. இங்கே பழைய சொல் லேசில் போகவில்லை.

அது சொல்லோடு போயிற்று. கழிவறை விஷயத்தில் உயிரே போனது.

2014 அக்டோபர் 2இல் தொடங்கிய தூய்மை இந்தியா திட்டம் பல இடங்களில் நம்பியது ஒரே ஆயுதத்தை: வெட்கம். வெளியே போகிறவர்களை விடியற்காலையில் விசில் ஊதித் துரத்தினார்கள். 2019 செப்டம்பர் 25 அன்று மத்தியப் பிரதேசம் ஷிவ்புரி மாவட்டத்தின் பாவ்கேடி கிராமத்தில், வெளியே மலம் கழித்ததற்காக இரண்டு தலித் குழந்தைகள் அடித்தே கொல்லப்பட்டார்கள். ஒரு பிள்ளைக்கு வயது 12, இன்னொன்றுக்கு 10. வீட்டில் கழிவறை இல்லை. 'வெட்கப்படு' என்கிற செய்தி சாதி ஊருக்குள் நுழைந்தால் 'அடிக்கலாம்' என்ற அனுமதியாக மாறும். எழுதியவருக்கு அந்த நோக்கம் இல்லை என்பார்கள். இருக்கட்டும்.

கழிவறை கட்டிய வீட்டிலும் ஏன் வெளியே போகிறார்கள்? டயான் காஃபி, டீன் ஸ்பியர்ஸ் இருவரும் 2017இல் எழுதிய புத்தகம் வட இந்தியக் கிராமங்களை வைத்து இதற்குப் பதில் சொல்கிறது. வீட்டருகே மலக்குழி இருப்பது தீட்டு. குழி நிரம்பினால் அள்ளுவது அதைவிடத் தீட்டு. அள்ளி வந்தவர்களோ இனி அள்ள மாட்டோம் என்கிறார்கள்; சரியாகத்தான் சொல்கிறார்கள். ஆக, தடை அறியாமை அல்ல, சாதி. கிருமிப் படம் போட்ட போஸ்டர் இதை எப்படி அசைக்கும்?

இதற்கு எளிய தொழில்நுட்பம் இருக்கிறது. இரட்டைக் குழிக் கழிவறை. ஒன்று நிரம்பினால் மூடிவிட்டு மற்றதற்குத் திருப்ப வேண்டும். ஓராண்டுக்கு மேல் ஆறவிட்டால் மூடிய குழியில் இருப்பது நாற்றமில்லாத எரு. வீட்டுக்காரரே அள்ளலாம். 2017 பிப்ரவரியில் தெலங்கானாவின் கங்கதேவிப்பள்ளியில் மத்திய அரசின் செயலாளர் பரமேஸ்வரன் ஐயர் தானே குழியில் இறங்கி அள்ளிக் காட்டினார். நல்ல செய்திதான், மறுக்கவில்லை. ஆனால் அடுத்த நாள் கேமரா இல்லாத ஊரில் மண்வெட்டியை யார் கையில் கொடுத்தார்கள் என்பதுதான் எங்கள் கேள்வி.

தமிழ்நாட்டில் நாம் பீற்றிக்கொள்ள ஒன்றுமில்லை. 1993 முதலான அரசுக் கணக்கிலேயே மலக்குழிச் சாவுகள் அதிகம் பதிவானது இங்கேதான்.

நாங்களும் தவறு செய்திருக்கிறோம், தோழர்களே. ஒரு காலனிச் சுவரில் 'அடிக்கடி கை கழுவுவோம்' என்று அழகாக எழுதினோம். பார்த்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி, "மூணு நாளைக்கு ஒருவாட்டி தண்ணி வருது, இதக் குடிக்கவா கழுவவா, நீயே சொல்லு கண்ணு" என்றார். பதில் இல்லை. 2022 டிசம்பரில் வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரியவந்தபோது அந்தப் பாட்டியைத்தான் நினைத்தோம். அங்கே போய் 'தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள்' என்று எந்த முகத்தோடு ஒட்டுவது?

அதனால் அடுத்த முறை ரீல்ஸ் எடுக்கும்போதும் சுவரில் எழுதும்போதும் சேரியைப் பார்த்து 'சுத்தமாக இரு' என்று எழுதாதீர்கள். குழாய் எப்போது வரும் என்று பஞ்சாயத்தைக் கேட்டு, அலுவலகத்தின் எதிர்ச்சுவரில் எழுதுங்கள். கழிவறை பற்றி எழுத வேண்டுமானால் ஊர்த்தெருவுக்குப் போங்கள். 'உன் வீட்டுக் குழியை நீயே அள்ளு' என்று எழுதுங்கள். எழுதவிடுகிறார்களா பார்ப்போம்.